சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் ஏன் சுற்றுகிறது?
(டிராக்டர் டிஃபரன்ஷியல்: ஒரு பாடம், ஒரு சோதனை, ஓர் எச்சரிக்கை)



நம்ம ஊர் வயலில் தொளி உழவு நடக்கும்போது எல்லாரும் பார்த்திருப்பீர்கள். டிராக்டர் சேற்றில் மாட்டிக்கும். டிரைவர் ஆக்சிலேட்டரை முறுக்குவார். ஒரு பின்சக்கரம் மட்டும் சர்ருனு சுத்தி சேற்றை வாரி இறைக்கும். இன்னொரு சக்கரம் கெட்டியான தரையில்தான் இருக்கும், ஆனா அது அசையவே அசையாது. 35 குதிரைத்திறன் இன்ஜின் இருந்தும் வண்டி ஒரு அடி நகராது. "நல்ல தரையில் நிக்கிற சக்கரம் ஏன் இழுக்கல?" இதுதான் என் கேள்வி. என் பெரியப்பா டிராக்டர் மெக்கானிக். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், நம் அறிவியல் கணக்குப் பாடங்களில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

1. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றக் கூடாதா?

நேராகப் போகும்போது சுற்றலாம். திரும்பும்போது கூடாது. நம் விளையாட்டு விழா அணிவகுப்பை நினைத்துப் பாருங்கள். வரிசை வளைந்து திரும்பும்போது உள்பக்கம் இருப்பவர் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைப்பார். வெளிப்பக்கம் இருப்பவர் எட்டி எட்டி நடந்தால்தான் வரிசை கோணாமல் வரும். டிராக்டர் சக்கரமும் அப்படித்தான்.

இதைக் கணக்காகப் போடுவோம். இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே உள்ள தூரம் 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டிராக்டர் ஒரு முழு வட்டம் அடிக்கிறது. உள்சக்கரம் போகும் வட்டத்தைவிட வெளிச்சக்கரம் போகும் வட்டத்தின் ஆரம் 1.4 மீட்டர் அதிகம். எனவே

அதிகத் தூரம் = 2 × 22/7 × 1.4 = 8.8 மீட்டர்.

இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. சின்ன வட்டம் அடித்தாலும், பெரிய வட்டம் அடித்தாலும் இந்த 8.8 மீட்டர் மாறாது. வட்டத்தின் ஆரம் கழித்தலில் அடிபட்டுப் போய்விடுகிறது. போட்டுப் பாருங்கள்!

பின் டயரின் உயரம் 1.26 மீட்டர் என்றால் சுற்றளவு 22/7 × 1.26 = 3.96 மீட்டர். அப்படியானால் ஒரு முழு வட்டத்துக்கு வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட இரண்டு சுற்றுக்கும் மேல் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கி மாட்டிவிட்டால் என்ன ஆகும்? ஒரு டயர் தரையில் தேய்ந்து இழுபடும், வண்டி திரும்ப மறுக்கும், இல்லாவிட்டால் உள்ளே ஏதாவது ஒன்று உடையும்.

இதற்காகத்தான் இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவில் 'டிஃபரன்ஷியல்' என்ற பல்சக்கரத் தொகுதி இருக்கிறது. 1827ஆம் ஆண்டு பிரான்சில் ஒனெசிஃபோர் பெக்கூர் என்ற கடிகாரத் தொழிலாளி, நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். 1877இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர் மூன்று சக்கர மிதிவண்டியில் இதைப் பயன்படுத்தினார். இன்று கார், பஸ், லாரி, டிராக்டர் எல்லாவற்றிலும் இருக்கிறது.

2. உள்ளே என்ன இருக்கிறது?

கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டின் முனையில் ஒரு சிறிய பல்சக்கரம் உண்டு. அதன் பெயர் பினியன். அது 'கிரவுன் வீல்' என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுன் வீலோடு சேர்ந்து ஒரு இரும்புப் பெட்டி சுற்றும். பெட்டிக்குள்ளே சிறிய பல்சக்கரங்கள் உண்டு, பட்டறையில் ஸ்டார் கியர் என்பார்கள். அவற்றின் இரண்டு பக்கமும் சன் கியர் என்ற இரண்டு பல்சக்கரங்கள். ஒரு சன் கியர் இடது சக்கரத்துக்கு, இன்னொன்று வலது சக்கரத்துக்கு.

பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

தேவையானவை: இரண்டு ஸ்கேல், ஒரு உருண்டைப் பென்சில் (அறுகோணப் பென்சில் வேண்டாம்).

செய்முறை: மேசையில் ஒரு ஸ்கேலை வையுங்கள். அதன் மேல் பென்சிலைக் குறுக்காக வையுங்கள். பென்சிலின் மேல் இன்னொரு ஸ்கேல். இப்போது கீழ் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு மேல் ஸ்கேலை 10 செ.மீ. தள்ளுங்கள். பென்சில் எவ்வளவு நகர்ந்தது? 5 செ.மீ. மட்டுமே! இரண்டு ஸ்கேலையும் ஒரே பக்கம் ஒன்றாக 10 செ.மீ. நகர்த்தினால் பென்சில் உருளாமல் 10 செ.மீ. கூடவே வரும்.

இதில் பென்சில்தான் ஸ்டார் கியர். இரண்டு ஸ்கேலும் இரண்டு சன் கியர்கள். பென்சில் நகர்வது எப்போதும் இரண்டு ஸ்கேல் நகர்வதன் சராசரி. அதே விதிதான் டிராக்டரிலும்:

பெட்டியின் சுற்று = (இடது சக்கரச் சுற்று + வலது சக்கரச் சுற்று) ÷ 2

பெட்டி 20 சுற்று சுற்றினால்,
நேராகப் போகும்போது: இடது 20, வலது 20.
இடது பக்கம் திரும்பும்போது: இடது 18, வலது 22.
இடது சக்கரம் சேற்றில் வழுக்கும்போது: இடது 40, வலது 0.

மூன்றாவது வரியைப் பாருங்கள். சேற்றில் உள்ள சக்கரம் ஏன் அவ்வளவு வேகமா சுத்துதுன்னா, நின்றுபோன சக்கரத்தின் சுற்றையும் சேர்த்து அதுவே சுத்துது.

3. நல்ல சக்கரம் ஏன் இழுக்கவில்லை?

இதைப் பெரியப்பா நுகத்தடியை வைத்துச் சொன்னார்.

"நுகத்தடிக்கு நடுவுல கட்டினா, இடத்தை மாடு எவ்வளவு இழுக்குதோ அவ்வளவுதான் பாப்பா வலத்தை மாடும் இழுக்க முடியும். ஒண்ணு சோந்து நின்னா, பலமுள்ள மாடு முன்னாடி போகும், நுகத்தடி கோணும். ஏர் நகராது."

டிஃபரன்ஷியல் நடுவில் கட்டிய நுகத்தடி மாதிரி. இரண்டு சக்கரத்துக்கும் திருப்புவிசையைச் சமமாகவே பிரிக்கும். சேற்றில் உள்ள சக்கரத்தைத் திருப்ப 100 பங்கு விசை போதும் என்றால் (இது கணக்குக்காக எடுத்த எண்), அடுத்த சக்கரத்துக்கும் 100 பங்குதான் போகும். மொத்தம் 200. இன்ஜினிடம் ஆயிரம் இருந்தாலும் பயனில்லை. பலவீனமான சக்கரம்தான் கணக்கை முடிவு செய்கிறது.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு.

அ) ஒற்றை பிரேக்: டிராக்டரில் இடது, வலது பின்சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் மிதி இருக்கும். வழுக்கும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் மெதுவாக மிதித்தால் அந்தப் பக்கம் தடை கூடும். சேறு 100, பிரேக் 300 என்றால் அந்தப் பக்கம் 400. அப்போ அடுத்த சக்கரத்துக்கும் 400 கிடைக்கும். தரையைத் தள்ளும் விசை 100 + 400 = 500 ஆகிறது. முன்பு 200தான் இருந்தது.

ஆ) டிஃபரன்ஷியல் லாக்: டிரைவர் காலுக்குக் கீழே ஒரு சின்ன மிதி இருக்கும். அதை அழுத்தினால் ஒரு பல் இணைப்பு உள்ளே நகர்ந்து ஒரு பக்கத்துத் தண்டைப் பெட்டியோடு பூட்டிவிடும். இப்போது இரண்டு சக்கரமும் ஒரே தண்டு மாதிரி சுற்றும். நல்ல தரையில் உள்ள சக்கரம் தன்னால் முடிந்ததை எல்லாம் இழுக்கும்.

இ) லிமிடெட் ஸ்லிப்: இதற்கு மிதி கிடையாது. பெட்டிக்குள்ளேயே ஸ்பிரிங் வைத்து அழுத்திய தட்டுகளோ கூம்புகளோ இருக்கும். இரண்டு சக்கரத்தின் வேகமும் வேறுபடும்போது அவை உராய்ந்து தடுக்கும். அந்த உராய்வு 150 பங்கு என்றால், சேற்றுச் சக்கரத்துக்கு 100, அடுத்ததுக்கு 250 போகும். லாக் அளவுக்கு வராது, ஆனால் தானாகவே வேலை செய்யும், திரும்பவும் விடும். 1935இல் ஃபெர்டினாண்ட் போர்ஷே தன் பந்தயக் காருக்காக இசட்.எஃப். என்ற ஜெர்மன் நிறுவனத்திடம் இப்படி ஒன்றைச் செய்யச் சொன்னார். பிறகு அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டவும் பனி தள்ளவும் பயன்படும் சின்ன டிராக்டர்கள் சிலவற்றிலும் வந்தது. இண்டியானா மாநிலத்தில் 1946இல் தொடங்கிய 'வீல் ஹார்ஸ்' நிறுவனத்தின் சில மாடல்களில் இது உண்டு. அந்த நிறுவனத்தை 1986இல் டோரோ நிறுவனம் வாங்கிவிட்டது. ஆனாலும் ஐம்பது வருஷப் பழைய தோட்ட டிராக்டர்களை அங்கே பலர் இன்னும் பழுது பார்த்து ஓட்டுகிறார்கள். நம்ம ஊர் வயல் டிராக்டரில் இருப்பது பெரும்பாலும் லாக்தான்.

4. வேலை செய்கிறதா என்று சோதிப்பது எப்படி?

உழவு தொடங்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். சேற்றில் மாட்டிய பிறகு மிதியை அழுத்தி, அது வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் என்ன லாபம்?

முதலில் பாதுகாப்பு (இதைத் தாண்டிப் படிக்காதீர்கள்)

* இது பெரியவர்கள் செய்யும் வேலை. நாம் அருகில் நின்று பார்க்கலாம், எழுதிக்கொள்ளலாம்.
* கெட்டியான சமதரை வேண்டும். இன்ஜின் நின்று, சாவி வெளியே இருக்க வேண்டும். ஒரு சக்கரத்தைத் தூக்கி வைத்து இன்ஜினை ஓட்டி சோதிக்கவே கூடாது. தரையில் உள்ள சக்கரத்துக்கு விசை போனால் வண்டி ஜாக்கியை விட்டுப் பாய்ந்துவிடும்.
* பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் பிரேக்கை நம்ப முடியாது. ஆகவே முன்சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். தரையில் உள்ள பின்சக்கரத்துக்கும் அப்படியே.
* ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. தூக்கியதும் கனமான மரக்கட்டைகளை அச்சுக்கு அடியில் அடுக்கி, அதன் மேல் பாரத்தை இறக்க வேண்டும்.

வயல் டிராக்டரின் லாக்கைச் சோதித்தல்

1) ஒரு பின்சக்கரத்தை மட்டும் தரையிலிருந்து இரண்டு விரல் உயரம் தூக்கவும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். பிரேக் விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும்.
2) தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றவும். டயர் கனமாக இருக்கும், ஆனால் சுற்ற வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தாலோ, ஓர் இடத்தில் மட்டும் சிக்கினாலோ பல்லோ பேரிங்கோ சரியில்லை என்று பொருள்.
3) இப்போது ஒருவர் லாக் மிதியை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தை மெதுவாகத் திருப்ப வேண்டும். கொஞ்ச தூரம் சுற்றி 'டக்' என்று பல் விழுந்து நின்றுவிட வேண்டும். அதற்குப் பிறகு சுற்றக் கூடாது. நின்றால் லாக் பிடிக்கிறது. தொடர்ந்து சுற்றினால் லாக் பிடிக்கவில்லை. மிதியின் கம்பி துருப்பிடித்திருக்கலாம், இணைப்பு வளைந்திருக்கலாம், பல் தேய்ந்திருக்கலாம்.
4) மிதியை விட்டுவிட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் லேசாக ஆட்டவும். மறுபடி சுற்ற வேண்டும். இதை நிறைய பேர் பார்ப்பதில்லை. பிடிக்காத லாக் வயலில் மாட்டிவிடும். விடாத லாக்கோ ரோட்டில் ஆளைக் கொல்லும்.

பழைய தோட்ட டிராக்டரின் லிமிடெட் ஸ்லிப்பைச் சோதித்தல்

1) இரண்டு பின்சக்கரத்தையும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள். அடுத்த சக்கரம் எதிர்த்திசையில் எளிதாகச் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல், அல்லது தேய்ந்துபோன லிமிடெட் ஸ்லிப். ஒரே திசையில் கூடவே சுற்றினால் உராய்வு இன்னும் உயிரோடு இருக்கிறது.
2) எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டுமானால், ஒரு சக்கரத்தை இறக்கி அதற்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். தூக்கிய சக்கரத்தின் போல்டுகளில் ஒரு இரும்புப் பட்டையைப் பொருத்தி, சக்கர நடுவிலிருந்து சரியாக 1 மீட்டர் தூரத்தில் சுருள்வில் தராசை மாட்டி, பட்டைக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். சக்கரம் அசையத் தொடங்கும்போது தராசு என்ன காட்டுகிறது என்று குறிக்க வேண்டும். 5 கிலோ காட்டினால்:

விசை = 5 × 9.8 = 49 நியூட்டன்
திருப்புத்திறன் = 49 × 1 = 49 நியூட்டன் மீட்டர்

அந்த எண்ணை வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். மிகக் குறைவு என்றால் உள்ளே ஸ்பிரிங்கோ தட்டோ தேய்ந்துவிட்டது. எவ்வளவு இழுத்தும் அசையவே இல்லை என்றால் உள்ளே இறுகிப்போயிருக்கிறது. நம் அறிவியல் பாடத்தில் வரும் விசையின் திருப்புத்திறன் இப்படி ஒரு வண்டிக்குள்ளே இருப்பதைச் சொல்கிறது பாருங்கள்!

ஆயிலைப் பார்த்தல் (இரண்டுக்கும் பொது)

பல டிராக்டர்களில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில். குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தொளி உழவில் இறங்கும் வண்டிக்கு சீல் பழுதானால் இப்படி ஆகும். ஆயில் மாற்றும்போது அடி போல்டை எடுத்துப் பார்க்க வேண்டும். மாவு மாதிரி கொஞ்சம் கறுப்புப் பொடி இருந்தால் சாதாரணத் தேய்மானம். மின்னும் இரும்புத் துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கிறது, உடனே பிரிக்க வேண்டும்.

5. லாக்கைப் பயன்படுத்தும் விதிகள்

* சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மிதிக்கக் கூடாது. கிளட்ச்சை அழுத்தி, சக்கரம் நின்ற பிறகு லாக்கை மிதித்து, பிறகு மெதுவாகக் கிளட்ச்சை விட வேண்டும்.
* லாக் போட்டபடி திரும்பக் கூடாது. நாம் போட்ட 8.8 மீட்டர் கணக்கு நினைவிருக்கிறதா? அந்தத் தூரம் எங்காவது போயாக வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே தள்ளிக்கொண்டு போகும்.
* வெளியே வந்ததும் லாக்கை விட வேண்டும். விடவில்லை என்றால் கிளட்ச்சை அழுத்தி, இடது வலது பிரேக்கை மாற்றி மாற்றி லேசாகத் தொட்டால் பல் தளர்ந்து விடும்.
* ரோட்டில் ஏறும் முன் இரண்டு பிரேக் மிதியையும் கொண்டி போட்டுச் சேர்த்துவிட வேண்டும். வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி கவிழும்.

6. இதுதான் மிக முக்கியம்: கட்டை கட்டாதீர்கள்!

வண்டி மாட்டிக்கொண்டால் சில இடங்களில் ஒரு காரியம் செய்கிறார்கள். பின்சக்கரங்களுக்குக் குறுக்காக ஒரு மரக்கட்டையைச் சங்கிலியால் கட்டி முன்கியரில் எடுப்பார்கள். கட்டை சேற்றில் ஊன்றிச் சக்கரத்தைத் தூக்கிவிடும் என்பது அவர்கள் எண்ணம்.

நியூட்டனின் மூன்றாம் விதியை நினைத்துப் பாருங்கள். இன்ஜின் சக்கரத்தை முன்பக்கம் திருப்புகிறது. சக்கரம் இன்ஜினை, அதாவது வண்டி உடம்பை, எதிர்ப்பக்கம் திருப்புகிறது. சக்கரம் சுற்ற வழி இருக்கும்வரை வண்டியின் எடை முன்பக்கத்தை அமுக்கிப் பிடிக்கும். கட்டை சக்கரத்தைப் பூட்டிவிட்டால், சுற்ற முடியாத சக்கரத்தை விட்டுவிட்டு வண்டி உடம்பே அச்சைச் சுற்றி மேலே எழும். முன்சக்கரம் வானத்தைப் பார்க்கும், வண்டி பின்பக்கமாக டிரைவர் மேலேயே கவிழும். இது கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பதால் கிளட்ச்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது.

சரியான வழி: இன்ஜினை முறுக்கிக் குழியை ஆழமாக்காமல் உடனே நிறுத்துவது. பின்னால் மாட்டிய கலப்பையோ டிரெயிலரோ இருந்தால் கழற்றுவது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சேற்றை வெட்டி எடுத்து, வைக்கோல் அல்லது தழை போட்டு, லாக்கை மிதித்து, முடிந்தவரை பின்கியரில் வந்த வழியே வெளியேறுவது. அதுவும் முடியாவிட்டால் வேறொரு டிராக்டரை வைத்து இழுப்பது. இழுக்கும் டிராக்டரில் கயிற்றை பின்அச்சுக்கு மேலே எங்கும் கட்டாமல், கீழே உள்ள இழுவைக் கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும். மேலே கட்டினால் அந்த வண்டியும் பின்பக்கம் தூக்கும்.

தோழர்களே, இன்னொன்றும் உண்டு. உழவு நேரத்தில் நம்மில் சிலர் மட்கார்டில் உட்கார்ந்து போகிறோம். அது இருக்கை அல்ல. வண்டி தூக்கினாலோ சரிந்தாலோ முதலில் விழுவது அங்கே இருப்பவர்தான், விழும் இடமோ அந்தப் பெரிய சக்கரத்தின் அருகே. இனிமேல் வரப்பில் நின்றே பார்ப்போம். உங்கள் வீட்டில் டிராக்டர் இருந்தால் அப்பாவிடமோ அண்ணனிடமோ இன்றைக்கே ஒரு கேள்வி கேளுங்கள்: "லாக் பிடிக்குதா? விடுதா?" தெரியவில்லை என்றால், உழவுக்கு முன்னாடி ஒரு தடவை தூக்கி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூளைக்கு வேலை

1. பெட்டி 30 சுற்று சுற்றுகிறது. இடது சக்கரம் 26 சுற்று. வலது சக்கரம் எத்தனை?
2. சக்கரங்களுக்கு நடுவே 2.1 மீட்டர் தூரம். ஒரு முழு வட்டத்தில் வெளிச்சக்கரம் எவ்வளவு கூடுதலாகப் போகும்?
3. இரண்டு பின்சக்கரத்தையும் தூக்கிய டிராக்டரை பிரேக் போட்டு நிறுத்த முடியுமா?

விடைகள்: 1) 34 சுற்று. 2) 13.2 மீட்டர். 3) முடியாது. பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும், அது காற்றில் இருக்கிறது. முன்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வேண்டும்.

சரியாகச் சொன்னவர்கள் இந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடலாம். சந்தேகம் இருந்தால் மதிய உணவு இடைவேளையில் என்னிடம் கேளுங்கள். எனக்குத் தெரியாவிட்டால் பெரியப்பாவிடம் கேட்டு வந்து சொல்கிறேன்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி